ஆறு ஆண்டெனா ரவுட்டரும் எங்கள் அலுவலகமும்: நான்கு மாத அனுபவம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், 2025 மார்ச் மாதம் எங்கள் கணக்கெழுத்து அலுவலகத்தைப் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு மாற்றினேன். லெபோ பாசாரை ஒட்டிய சந்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. வாடகை கட்டுப்படியானது, மாரியம்மன் கோயில் கூப்பிடு தூரம், வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நடந்தே வந்துவிடுவார்கள். என்னோடு சேர்த்து எட்டுப் பேர் வேலை செய்கிறோம். மேசை எங்கே, அலமாரி எங்கே, ஏர்கோன் எத்தனை குதிரைத் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் யோசித்த நான், இணையம் வரும் பெட்டியான ரவுட்டரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. லைன் போட வருகிறவர்கள் ஒன்று கொடுப்பார்கள், அது போதும் என்று இருந்துவிட்டேன். ஜூலை மாதம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது கையை விட்டுப் போயிருந்தது 4,368 வெள்ளி (ரிங்கிட்). ஆறு வருடமாக எங்களோடு இருந்த ஒரு வாடிக்கையாளரும் போயிருந்தார். யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று பல இரவு ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் கட்டடத்தைச் சொல்ல வேண்டும். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு குறுகல், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். முன்னறை, நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைத் தாண்டிப் பின்னறை. சுவரெல்லாம் பழைய செங்கல், ஒரு முழத்துக்குக் குறையாத கனம். ஃபைபர் லைன் முகப்பில் அஞ்சடி நடைபாதைக்கு மேலே உள்ள சன்னல் வழியாக உள்ளே வந்தது. கொடுத்த பெட்டியையும் அங்கேயே மாட்டிவிட்டுப் போனார்கள். 500 எம்பிபிஎஸ் லைன். முன்னறையில் கைப்பேசியில் சோதித்தால் முழு வேகமும் காட்டியது. பின்னறையில் என்னிடம் வேலை செய்யும் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நேரம் 20, ஒரு நேரம் ஒன்றுமே இல்லை. வருமான வரி வாரியத்தின் பக்கம் பாதியில் நின்றுவிடும். "அக்கா, மறுபடியும் போயிருச்சு" என்று நாளுக்குப் பத்துத் தடவை குரல் வரும்.

ஒரு சனிக்கிழமை கொம்தார் பக்கம் போய், கடையில் இருந்ததிலேயே ஆள் அசத்துகிற மாதிரி இருந்த ரவுட்டரை வாங்கினேன். ஆறு ஆண்டெனா, கறுப்புப் பெட்டி, சிவப்பு விளக்கு, 649 வெள்ளி. கடைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: பட்ஜெட் எவ்வளவு? எத்தனை பேர், என்ன வேலை, எந்தக் கம்பெனி லைன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெட்டியின் மேல் ஏஎக்ஸ்3000 என்று பெரிய எழுத்தில் இருந்தது. 3000 எம்பிபிஎஸ் வேகம் வரும் என்றுதான் நான் நம்பினேன். அது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தைக் கூட்டி எழுதிய எண். 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய 3000. ஒரு கைப்பேசியோ மடிக்கணினியோ ஒரு நேரத்தில் இதில் ஒரு பக்கம்தான் நிற்கும். அந்த எண்ணும் ஆய்வுக்கூட எண். சுவர் இருந்தால் கதை வேறு. அலுவலகத்துக்கு ரவுட்டர் பார்க்கிறவர்கள் அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். நமக்கு வேண்டியது, வேண்டாதது எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்கு... இல்லை, அலுவலகத்துக்குத்தான் கொண்டு போனேன். வீட்டைவிட அங்கேதான் அதிகம் இருந்தேன் அந்த நாள்களில். பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினால் இணையம் வரவில்லை. ராத்திரி ஒன்பதரை வரை கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். மறுநாள் உதவி எண்ணுக்கு அழைத்து 40 நிமிடம் காத்திருந்த பிறகுதான் விஷயமே புரிந்தது. நம் நாட்டில் பல ஃபைபர் இணைப்புகள் பிபிபிஓஇ என்ற முறையில் ஒரு பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகின்றன. அதோடு வீலேன் என்று ஓர் எண்ணையும் போட வேண்டும். யூனிஃபை வைத்திருப்பவர்களுக்கு இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600 என்பது பழகிப்போன எண்கள். மற்ற நிறுவனங்களுக்கு வேறு வேறு. ரவுட்டரின் இணைய வாசலில் இந்த எண்ணைப் போட இடமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கினாலும் நேராக மாட்ட முடியாது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் இணைய நிறுவனத்திடம் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும், வீலேன் எண், அவர்கள் கொடுத்த பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தருவார்களா என்பது. கடைக்காரரிடம் அந்தச் சீட்டை நீட்டி, "இதைப் போட இடம் இருக்கா, திறந்து காட்டுங்க" என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

எனக்கு அன்று அந்தப் பொறுமை இல்லை. பழைய பெட்டியை மறுபடி மாட்டி, அதன் பின்னால் புதியதைச் செருகினேன். இணையம் வந்துவிட்டது, எனக்கு ஒரே மகிழ்ச்சி. உண்மையில் நான் செய்தது ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டியதுதான். ரவுட்டருக்குப் பின் ரவுட்டர், கணினிக்கு வலையில் கிடைக்கும் எண் முகவரி இரண்டு தடவை மாறும். பக்கங்கள் திறக்கும், மின்னஞ்சல் போகும். வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய எதுவும் சரியாக வராது. பின்னறையில் நிலைமை மாறவும் இல்லை. ஆறு ஆண்டெனா இருந்தால் என்ன, செங்கல் செங்கல்தானே.

ஏப்ரலில் 829 வெள்ளி கொடுத்து மூன்று துண்டு மெஷ் (வைஃபையை அறைக்கு அறை கைமாற்றிக் கொடுக்கும் பெட்டிகள்) வாங்கினேன். முன்னறையில் ஒன்று, முற்றத்தை ஒட்டி ஒன்று, பின்னறையில் ஒன்று. பின்னறையில் வைஃபை கோடு நிறைய காட்டியது, வேகம் மட்டும் 30-ஐத் தாண்டவில்லை. மெஷ் துண்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் காற்று வழியாகத்தான். முதல் சுவரில் அடிபட்டு வருகிற அலையைத்தான் இரண்டாவது துண்டு வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கிறது. கைப்பேசியில் தெரியும் கோடு பக்கத்தில் இருக்கும் துண்டுக்கும் நமக்கும் உள்ள உறவு மட்டுமே. அந்தத் துண்டுக்கும் இணையத்துக்கும் உள்ள உறவை அது காட்டாது. இது எனக்குப் புரியவே மூன்று வாரம் ஆயிற்று. இன்னொன்று, மெஷ்ஷையும் நான் ரவுட்டர் முறையிலேயே விட்டிருந்தேன். இப்போது வீட்டுக்குள் வீட்டுக்குள் வீடு. பின்னறைக் கணினிகளுக்கு முன்னறை அச்சு இயந்திரம் கண்ணில் படவே இல்லை. பிள்ளைகள் கோப்பைப் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடந்து வந்தார்கள். மெஷ் வாங்குகிறவர்கள் அதை அக்சஸ் பாயிண்ட் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு வைஃபையை மட்டும் பரப்பும் முறை) மாற்றுங்கள். முடிந்தால் துண்டுகளைக் கேபிளால் இணையுங்கள். கனத்த சுவர் இருந்தால் முடிந்தால் என்ற பேச்சே இல்லை, கேபிள்தான் வழி.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலை. நான்கு கணினியில் இணையம் நன்றாக வேலை செய்கிறது, மற்றவற்றில் "இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை" என்று வருகிறது. பெட்டிகளையெல்லாம் அணைத்துப் போட்டேன். இப்போது வேறு மூன்று கணினியில் இல்லை. லைன் நிறுவனத்துக்கு அழைத்தால் லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மாலை நான்கு மணிக்குத்தான் ஒவ்வொரு கணினியின் முகவரியையும் ஒரு தாளில் எழுதினேன். வேலை செய்பவை எல்லாம் 192.168.1 என்று தொடங்கின. செய்யாதவை 192.168.0 என்று தொடங்கின. 0 எங்கிருந்து வருகிறது? மேசை மேசையாகக் குனிந்து கேபிளைத் தொட்டுக்கொண்டே போனேன். பின்னறை மூலையில், கோப்பு அலமாரிக்கு அடியில், பட்டர்வொர்த் அலுவலகத்தில் இருந்த பழைய ரவுட்டர் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. செருக வாசல் போதவில்லை என்று ஒரு பிள்ளை நல்ல எண்ணத்தில் அதை, கேபிளைக் கிளை பிரிக்கும் சுவிட்ச் பெட்டி மாதிரி பயன்படுத்தியிருந்தார். அது சும்மா இருக்குமா? தானும் ஒரு ரவுட்டர்தான் என்று கேட்கிற கணினிக்கெல்லாம் முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கணினி முதலில் யாரிடம் கேட்கிறதோ அதைப் பொறுத்து அதன் தலையெழுத்து. ஒரு முழு வேலை நாள் போயிற்று. பழைய ரவுட்டரைச் சுவிட்சாகப் போட வேண்டியிருந்தால் அதில் முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்திவிட்டு, உள்வாசல்களில் மட்டும் செருகுங்கள். அதைவிட, 60, 70 வெள்ளிக்கு எட்டு வாசல் கிகாபிட் சுவிட்ச் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். அலுவலகத்தில் திடீரென்று பாதிக்குப் பாதி வேலை செய்யாமல் போனால் லைனைச் சந்தேகப்படுவதற்கு முன் முகவரிகளை எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. எங்களில் ஒருவர் சுங்கைப்பட்டாணி, ஒருவர் புக்கிட் மெர்தாஜாம். இரண்டு பேருக்கும் கைக்குழந்தை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய ஏற்பாடு செய்து கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் பின்னறைக் கணினிக்குள் வர வேண்டும். எல்லா வாடிக்கையாளர் கோப்பும் அதில்தான் இருந்தது. ரவுட்டர் பெட்டியில் விபிஎன் (இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப் பாதை) என்று அச்சிட்டிருந்தது, அதனால் கவலையில்லை என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் அது விபிஎன் பாஸ்த்ரூ. அதாவது உள்ளே இருக்கும் ஒரு கணினி வெளியே எங்கோ உள்ள விபிஎன்னுக்குப் போனால் தடுக்காது, அவ்வளவுதான். சில ரவுட்டர்களில் விபிஎன் கிளையண்ட் இருக்கும். அது ரவுட்டரே வெளியே போய் இணைவதற்கு. வீட்டில் இருப்பவர் அலுவலகத்துக்குள் வருவதற்கு வேண்டியது விபிஎன் சர்வர். மூன்றும் வேறு. பெட்டி மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். இந்த ஒரு வரியை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மற்றது எதுவும் நடந்திருக்காது.

கணினி பழுதுபார்க்கும் ஒருவரை 150 வெள்ளிக்கு வரவழைத்தேன். அவர் எல்லா ரவுட்டரிலும் 3389 என்ற வாசலைத் திறந்து, வெளியிலிருந்து வருவதை நேராகப் பின்னறைக் கணினிக்கு அனுப்பும்படி செய்தார். அரை மணி நேர வேலை. சுங்கைப்பட்டாணியிலிருந்து அந்தப் பிள்ளை உள்ளே வந்து, திரையில் கோப்பைத் திறந்து காட்டியபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்த 3389 விண்டோஸ் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் வசதியின் வாசல் என்பதும், அது திறந்திருக்கும் முகவரியைத் தேடி உலகம் முழுக்க இரவும் பகலும் நிரல்கள் கதவு தட்டிக்கொண்டே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. கணினிக்கு எல்லோரும் ஒரே பயனர் பெயர் வைத்திருந்தோம். கடவுச்சொல், எங்கள் அலுவலகப் பெயரும் 123-உம்.

ஜூன் 16, திங்கட்கிழமை. காலை எட்டு இருபதுக்கு நான் படியேறும்போதே மேலிருந்து குரல்: "அக்கா, எந்தக் கோப்பும் திறக்க மாட்டேங்குது." ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் முன்பு இல்லாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு உறையிலும் புதிதாக ஓர் எழுத்துக் கோப்பு, பணம் கேட்டு. நான் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தேன், மறுபடி படித்தேன். கை நடுங்கியது. சுயதொழில் செய்பவர்களின் பாரம் பி சமர்ப்பிக்க ஜூன் 30 கடைசி நாள். இணையம் வழி என்றால் ஜூலை 15 வரை சலுகை. ஆண்டு விற்பனை 50 லட்சத்திலிருந்து 2 கோடியே 50 லட்சம் வெள்ளி வரை உள்ளவர்களுக்கு ஜூலை 1 முதல் இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்துக்கு இணையம் வழி அனுப்பும் விலைப்பட்டியல்) தொடங்க வேண்டியிருந்தது. அதில் எங்கள் வாடிக்கையாளர் இருவர். அந்த நேரம் பார்த்து இப்படி.

கணினியின் கேபிளை உருவி எடுத்தேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது. வெளி வன்தட்டில் கடைசியாக நகல் எடுத்தது ஜூன் 5. நல்ல வேளை, அது கணினியில் செருகாமல் இழுப்பறையில் இருந்தது. செருகியே விட்டிருந்தால் அதுவும் பூட்டப்பட்டிருக்கும். கோப்பை மீட்டுத் தருகிறேன் என்று சொன்ன கடை, பார்ப்பதற்கு மட்டும் 400 வெள்ளி வாங்கிக்கொண்டு முடியாது என்றது. பணம் கேட்டவர்களுக்கு நான் ஒரு காசும் கொடுக்கவில்லை. கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு யார் பொறுப்பு? காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன், இணையப் பாதுகாப்பு உதவி மையமான சைபர்999-க்கும் தெரிவித்தேன். 2025 ஜூன் 1 முதல் தனிநபர் தரவு பெரிய அளவில் பாதிக்கப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்திருந்தது. அன்றிரவே அதையும் எழுதி அனுப்பினேன். அப்புறம் 23 வாடிக்கையாளர்களையும் ஒவ்வொருவராக நானே அழைத்துச் சொன்னேன். அதுதான் எல்லாவற்றிலும் கடினம். பெரும்பாலானோர் சரிம்மா, பார்த்துச் செய்யுங்கள் என்றார்கள். மாதம் 650 வெள்ளி கட்டணம் கொடுத்துவந்த ஒருவர் மறுவாரம் தம் கோப்புகளை எடுத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருடைய அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் என் பொறுப்பில் இருந்தவை.

பதினொரு நாள் பதிவுகளைப் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து அடித்தார்கள், இரண்டு வார இறுதி உட்பட. மிகைநேரச் சம்பளம் 2,340 வெள்ளி. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்த அந்தப் பிள்ளை மட்டும் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று அழுதது. அது நான் போட்ட வாசல் என்று அதற்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மாலை பிடித்தது.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தம்பி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நெட்வொர்க் வேலை பார்க்கிறார். தேநீர்க் கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். எந்த ரவுட்டர் வாங்க என்று கேட்டேன். "அக்கா, ரவுட்டரை விடுங்க. உங்க ஆபீஸ்ல என்னென்ன இருக்கு, யார் யார் எங்கிருந்து வர்றாங்க, எதை எது பார்க்கக் கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க" என்றார். அன்றிரவு எழுதினேன். கணினி 9, அச்சு இயந்திரம் 2, கைப்பேசி 14, கேமரா 4, கேமரா பதிவுப் பெட்டி 1, விரல்ரேகை வருகைப் பதிவு 1, தொலைக்காட்சி 1. மொத்தம் 32. காத்திருக்கும் வாடிக்கையாளர்களின் கைப்பேசி தனி. அவர்களுக்கும் நாங்கள் அதே வைஃபைதான் கொடுத்துவந்தோம். கடவுச்சொல்லை முகப்பு மேசையில் ஒட்டியே வைத்திருந்தோம். உளுந்து வடை வாங்க வந்த மாதிரி யார் வேண்டுமானாலும் வந்து, கணக்குக் கோப்பு இருக்கும் அதே வலையில் உட்கார்ந்திருக்கலாம். தாளில் பார்த்தபோதுதான் அது கண்ணில் உறுத்தியது.

அந்தத் தாளிலிருந்து எங்களுக்கு வேண்டியவை தாமாகவே வந்தன. வெளியிலிருந்து இருவர் வருகிறார்கள், ஆகவே விபிஎன் சர்வர். வயர்கார்டு அல்லது ஓபன்விபிஎன் இருக்கிறதா என்று பாருங்கள். பிபிடிபி என்ற பழைய முறை மட்டும் இருந்தால் வேண்டாம், அது பாதுகாப்பற்றது என்று எப்போதோ தெரிந்துவிட்டது. விபிஎன் வேகம் தனியாக எவ்வளவு என்றும் பாருங்கள். பெட்டியில் ஒரு கிகாபிட் என்று இருந்தாலும் விபிஎன் வழியாக அதில் பத்தில் ஒரு பங்குகூட வராத மாடல்கள் உண்டு. பூட்டித் திறக்கும் வேலையை ரவுட்டரின் சின்ன மூளைதான் செய்ய வேண்டும். அடுத்து, அலுவலகம், விருந்தினர், கேமரா மூன்றும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது, ஆகவே உள்வலையையும் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வீலேன் வசதி. இதற்கு ரவுட்டர் மட்டும் போதாது. சுவிட்சும் அக்சஸ் பாயிண்டும் வீலேன் புரிந்தவையாக இருக்க வேண்டும், மூன்றில் ஒன்று புரியாவிட்டாலும் கதை நடக்காது. வாசல்கள் கிகாபிட்டா என்று பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் இன்னும் 100 எம்பிபிஎஸ் வாசல்தான் வருகிறது, 500 லைனுக்குப் பணம் கட்டி 100-ஐப் பயன்படுத்துவீர்கள். இரண்டாவது லைனுக்கு ஒரு வாசல் இருந்தால் நல்லது. நான் இப்போது சிம் அட்டை மோடம் ஒன்றை அதில் செருகியிருக்கிறேன், ஃபைபர் அறுந்தால் தானாக அதற்கு மாறும்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் பட்டது ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள். வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது புதுப்பித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை என்றால் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். சிறு அலுவலகத்துக்கென்றே டிரேடெக், மைக்ரோடிக், யூபிக்விட்டி, டிபி-லிங்க்கின் ஓமாடா வரிசை என்று பல இருக்கின்றன. மைக்ரோடிக் காசுக்கு நிறைய செய்யும், ஆனால் அமைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்களே பார்த்துக்கொள்வதென்றால் திரை எளிதாக இருப்பதை எடுங்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைத்தால் எம்சிஎம்சி (தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள். நம் நாட்டில் வைஃபை கருவிகளுக்கு அது வேண்டும்.

லைன் நிறுவனத்திடம் பொது முகவரி பற்றியும் கேளுங்கள். ரவுட்டர் திரையில் இணையப் பக்க முகவரி 100.64-இலிருந்து 100.127 வரை தொடங்கினால் ஒரே முகவரியை உங்களோடு பலர் பகிர்கிறார்கள் என்று பொருள். அப்போது விபிஎன் சர்வர் வைத்தாலும் வெளியிலிருந்து வர வழியில்லை. 192.168 என்று தொடங்கினால், நான் செய்தது போல ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர்.

ஜூலை 7, ஜார்ஜ்டவுன் பாரம்பரிய நாள், பினாங்கில் விடுமுறை. அந்த ஆண்டு அது திங்களில் வந்ததால் மூன்று நாள் கிடைத்தது. ஐந்து வாசல் விபிஎன் ரவுட்டர் 289 வெள்ளி, ஆண்டெனா ஒன்றுகூட இல்லை, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் எட்டு வாசல் சுவிட்ச் 315. இதில் மொத்தம் எத்தனை வாட் கொடுக்கும் என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு கேமராவும் அக்சஸ் பாயிண்டும் சேரும்போது மூச்சுத் திணறும். கூரையில் மாட்டும் அக்சஸ் பாயிண்ட் இரண்டு, 690. கேபிளும் கூலியும் 420. யுபிஎஸ் 280. ஆக மொத்தம் 1,994. முதலில் வீணாக்கிய இரண்டு பெட்டிகளின் விலை 1,478 என்பதை நினைத்தால் இன்னும் மனது பொறுக்கவில்லை.

பாரம்பரியக் கட்டடம் என்பதால் சுவரில் துளை போட வீட்டுக்காரர் தயங்கினார். கேபிள் போட வந்தவர் முற்றத்தின் விளிம்பில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "இந்த வழி இருக்கே" என்றார். மழைநீர்க் குழாயை ஒட்டி, வெளிப்புறத்துக்கான கறுப்புக் கேபிளை முற்றத்தின் ஒரு பக்கமாக இழுத்து, பின்னறைச் சன்னல் சட்டத்தின் இடுக்கில் உள்ளே விட்டார். ஓர் ஆணிகூடச் சுவரில் இறங்கவில்லை. இருபத்திரண்டு மீட்டர். நான்கு மாதம் செங்கல்லோடு மல்லுக்கட்டினேன், வானம் திறந்தே இருந்திருக்கிறது. கேபிள் முனையை அவர் கிரிம்ப் செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எட்டுக் கம்பியும் வரிசையாக உட்கார வேண்டும், நான்கு மட்டும் பிடித்தால் வேகம் 100-இல் நின்றுவிடும் என்று காட்டினார். மின்னலுக்குப் பயந்து இரண்டு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பான் போட்டோம். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. முற்றத்தில் தொங்கும் செம்புக் கம்பி கடத்தும்.

மூன்றாம் நாள் மாலை நான் தனியாக உட்கார்ந்து அமைத்தேன். 3389-ஐ மூடினேன். ரவுட்டரை வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே வாசல் திறக்கும் வசதி), டபிள்யூபிஎஸ் (பொத்தானை அழுத்தி வைஃபையில் சேரும் வசதி) மூன்றையும் நிறுத்தினேன். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். வைஃபைக்கு டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு முறை, பழைய அச்சு இயந்திரம் ஒன்று அதில் சேராததால் அதை மட்டும் கேபிளில் போட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்தான் ஒன்றோடொன்று மோதாதவை. சந்தில் எல்லாக் கடையும் 6-இல் நின்றதால் எங்களுக்கு 1-உம் 11-உம் எடுத்தேன். வீட்டிலிருந்து வரும் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு விபிஎன் சாவி. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் சாவியை மட்டும் அழித்தால் போதும். நகல் எடுப்பது இப்போது தினமும், இரண்டு வன்தட்டில் மாற்றி மாற்றி. ஒன்று எப்போதும் கழற்றி என் கைப்பையில் இருக்கும். எல்லா அமைப்பையும் ஒரு தாளில் எழுதி மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன், கடவுச்சொற்களைத் தவிர.

பாரம் பி எல்லாம் ஜூலை 13-க்குள் முடிந்தது. அந்த ஆறு ஆண்டெனா ரவுட்டரை ஆகஸ்டில் 250 வெள்ளிக்கு விற்றேன். வாங்க வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். படியிறங்கப் போனவனை நிறுத்தி, வீட்டுக்கா அலுவலகத்துக்கா என்று கேட்டேன். வீட்டுக்குத்தான் ஆன்ட்டி, கேம் விளையாட என்றான். எந்தக் கம்பெனி லைன் என்று கேட்டு, வீலேன் எண் போடும் இடம் எது என்று திரையைத் திறந்து காட்டி அனுப்பினேன்.